ஸ்மார்ட் மீட்டருக்கு அப்பால்: மின்கட்டமைப்பு குறித்த கேள்வி பதில்

ஸ்மார்ட் மீட்டர், நேரவாரிக் கட்டணம் (நாளின் நேரத்துக்கேற்ப மாறும் மின்கட்டணம்), காற்றாலை மின்சாரம் ஆகியவை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மதுரை உறுப்பினர்: வீடுதோறும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திவிட்டால் நம் மின்கட்டமைப்பு ஸ்மார்ட் கிரிட் ஆகிவிடுமா?

ஆகாது. உற்பத்தி முதல் வீடு வரை நடப்பதைத் தரவுகளால் உடனுக்குடன் அறிந்து, அதற்கேற்ப இயங்கும் மின்கட்டமைப்பே ஸ்மார்ட் கிரிட். உயர் அழுத்தத் தடங்களையும் பெரிய துணை மின்நிலையங்களையும் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தபடியே கண்காணிக்கும் வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நடப்பது, பெரும்பாலும் யாராவது தொலைபேசியில் புகார் சொன்ன பிறகே தெரியவருகிறது. அந்த இருட்டுப் பகுதிக்குத்தான் ஸ்மார்ட் மீட்டர் தேவை. அது 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மின்நுகர்வைப் பதிவுசெய்து அனுப்புகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளியேறிய யூனிட்டுகளையும் அதற்குக் கீழுள்ள வீடுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால், இழப்பு எங்கே ஏற்படுகிறது, எந்த டிரான்ஸ்பார்மர் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது என்பவை புலப்படும். இந்தத் தரவை அன்றாடம் எடுத்துப் பார்த்துச் செயல்படும் ஆட்கள் இல்லையென்றால், இவ்வளவு செலவுக்கும் கணக்கெடுப்பாளர் வீடு வீடாக வரும் வேலை குறைவது மட்டுமே பலனாக இருக்கும்.

திருச்சி உறுப்பினர்: புதிய மீட்டர் வேகமாக ஓடுகிறது என்கிறார்களே?

பழைய சுழல்தட்டு மீட்டர்கள் தேய்மானத்தால் மெதுவாக ஓடக்கூடியவை. செட்டாப் பாக்ஸ், ரூட்டர் போன்ற சிறிய சுமைகளுக்குத் தட்டு அசையாமலே இருந்ததும் உண்டு. புதிய மீட்டர் அவற்றையும் எண்ணுகிறது. ஆயினும் சந்தேகம் இருந்தால் வாய்ச்சொல்லோடு விட்டுவிட வேண்டாம். மீட்டர் குறித்துப் புகார் செய்தால் 5 நாட்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது 3 மாதங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. எழுத்துமூலம் கேளுங்கள்.

பல்லடம் விசைத்தறி உரிமையாளர்: நேரவாரிக் கட்டணத்தால் எங்களுக்கு லாபமா, நட்டமா?

பகல் ஷிப்டில் ஓட்ட முடிந்தவருக்கு லாபம். 2023ஆம் ஆண்டு விதித்திருத்தம் சூரியஒளி கிடைக்கும் நேரத்துக்குக் கட்டணக் குறைவையும் உச்சநேரத்துக்குக் கூடுதலையும் வகுத்தது. உங்களுக்கான விகிதத்தை மாநில ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயிக்கும். மாலையில் நூல் வந்து உச்சநேரத்திலேயே நெய்து கொடுக்க வேண்டியவருக்கு இது சுமைதான் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆரல்வாய்மொழி உறுப்பினர்: ஆடிக்காற்று வீசும்போதே சில காற்றாலைகளை நிறுத்திவைப்பது ஏன்?

இந்தக் கேள்விதான் ஸ்மார்ட் கிரிட்டின் உயிர்நாடி. மின்சாரம் உற்பத்தியாகும் அதே கணத்தில் செலவாக வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு) இயல்பான 50 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறும், குறைந்தால் கீழே இறங்கும். தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை, சில கணவாய்களை ஒட்டிய பகுதிகளில், ஒரே நேரத்தில் பொழிகிறது. அனல் நிலையங்களை விரும்பிய அளவுக்குத் தாழ்த்த முடியாது. முழுத் திறனில் 55 சதவீதத்துக்குக் கீழே ஓட்டுவது அவற்றுக்குக் கடினம். கம்பித் தடத்தின் கொள்ளளவும் நிரம்பிவிட்டால் காற்றாலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விரயம்.

தீர்வுகள் ஏற்கெனவே கண்முன் உள்ளன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியாகத் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்தியங்கத் தொடங்கிய பிறகு, உபரியை வெளியே அனுப்பும் வாய்ப்பு விரிந்தது. ஒரு நாளை 96 கால்மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காற்றைக் கணித்துச் சொல்லும் முறை வந்திருக்கிறது. ஆனைமலையில் உள்ள 400 மெகாவாட் காடம்பாறை நிலையம், உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, மாலைத் தேவைக்கு அதையே இறக்கி மின்சாரம் எடுக்கிறது. ஏற்றி இறக்குவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இழப்பாகும் என்றாலும், வீணாகப் போவதைவிட அது மேல். புதிய மீட்டர்களுக்குக் காட்டும் வேகத்தை இத்தகைய சேமிப்பு நிலையங்களுக்கும் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து.

தஞ்சாவூர் உறுப்பினர்: மாடியில் சோலார் இருந்தும் மின்தடையின்போது வீடு இருள்கிறதே?

பேட்டரி இல்லாத, கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் மின்தடையின்போது தானாக அணைய வேண்டும். இல்லையேல் உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரைக் கொன்றுவிடக்கூடும்.

சென்னை உறுப்பினர்: எல்லாம் கணினிமயமானால் ஹேக்கர்கள் ஊரையே இருளாக்கிவிட மாட்டார்களா?

நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், துணை மின்நிலையங்களின் பிரேக்கர்களை (மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை) தொலைவிலிருந்தே திறந்து இணைப்பைத் துண்டித்ததால் சுமார் 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். ஊழியர்கள் நேரில் சென்று கையால் இயக்கியதால்தான் சில மணி நேரத்தில் விநியோகம் மீண்டது. தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஸ்மார்ட் மீட்டருக்குள்ளும் இருப்பதால், வலுவான குறியாக்கத்தோடு (பிறர் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி தகவலை மறைத்து அனுப்பும் முறை), தானியங்கி வசதி வந்த பிறகும் களப்பணியாளர்களுக்குக் கையால் இயக்கும் பயிற்சியைத் தொடர்ந்து அளிப்பது கட்டாயம்.