ஆறு மாதமும் ஆயுள் தடையும்

கேள்வி: ஊக்கமருந்துக்காகச் சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆயுட்காலத் தடை. அதே அணியில் அதே மருந்தைப் போட்டுக்கொண்ட சிலருக்கோ வெறும் ஆறு மாதம். அந்தக் காலத்தில் எல்லோரும்தானே எடுத்தார்கள்? இது நியாயமா?

பதில்: ‘எல்லோரும்’ என்ற சொல்லை முதலில் விலக்கிவிடுவோம். 1998-இல் ஈபிஓ என்ற, ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்கமருந்து விவகாரத்தால் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஃபெஸ்டினா அணியைச் சேர்ந்தவர் கிறிஸ்டோஃப் பாசோன்ஸ். அவர் மருந்தைத் தொடவில்லை என்று அணியினரே விசாரணையில் சொன்னார்கள். அடுத்த ஆண்டுப் போட்டியின்போது ஊக்கமருந்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காகச் சக வீரர்கள் அவரை ஒதுக்கினார்கள். இந்த விளையாட்டைவிட்டே போய்விடு என்று பந்தயத்தின் நடுவில் அவரிடம் சொன்னவர் ஆம்ஸ்ட்ராங். பாசோன்ஸ் பாதியிலேயே விலகினார். எல்லோரும் எடுத்தார்கள் என்று சொல்லும்போது அவரை நாமும் ஒருமுறை வெளியேற்றுகிறோம்.

ஆம்ஸ்ட்ராங் மீதான குற்றச்சாட்டு, தாம் மருந்து எடுத்தார் என்பதோடு முடியவில்லை. பிறருக்குக் கொடுத்தார், மறைத்தார் என்பவையும் சேர்ந்தே 2012-இல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்தது. ஏழு டூர் பட்டங்களும் பறிபோயின. அதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு அந்த ஆறு மாதத்தின் மீதுதான். உண்மையைச் சொல்பவருக்குத் தண்டனையைக் குறைக்கத்தான் வேண்டும்; பரிசோதனைகளுக்கு அகப்படாததை அந்தச் சாட்சியங்களே வெளிக்கொண்டுவந்தன. ஆனால், 2006-இல் பிடிபட்டு டூர் பட்டத்தையும், தடையால் இரண்டு ஆண்டுகளையும் இழந்த ஆம்ஸ்ட்ராங்கின் முன்னாள் அணித்தோழர் ஃபிளாய்ட் லாண்டிஸ் 2010-இல் வாய் திறந்த பிறகு, விசாரணையாளர்கள் கேட்டபோது பேசியவர்களுக்குக் கிடைத்த தடை செப்டம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. பெரிய பந்தயங்கள் இல்லாத குளிர்காலத்திலேயே அதன் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

கால வரம்பிலும் இதே கோணல்தான். எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய குற்றங்களைத் தொடக் கூடாது என்ற விதியை, ஆம்ஸ்ட்ராங் உண்மையை மறைத்தார் என்ற காரணம் காட்டி முகமை தளர்த்தியது. 1996-இல் டூர் வென்ற பியானே ரீஸ், அப்போது ஈபிஓ எடுத்ததாக 2007-இல் தாமே ஒப்புக்கொண்டார். பதினொரு ஆண்டுகள் அவரும் மறைத்தவர்தான். ஆயினும் கால வரம்பு அவரைக் காத்தது. பட்டம் அவரிடமே இருக்கிறது, அதன் பிறகும் அணியை நடத்தினார். ஆம்ஸ்ட்ராங்கின் அணி இயக்குநர் யோஹான் புரூனீலுக்கு ஆயுட்காலத் தடை வந்ததோ 2018-இல். வீரர்களின் கணக்கு முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து அவர்களை நடத்தியவரின் கணக்கு தீர்ந்தது என்றால், அந்த வரிசையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.