ஏபி ரிசர்ச் எடுக்கலாமா? முதலில் மகளிடம் ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்

ஏபி என்பவை அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரித் தரத்தில் நடத்தும் பாடங்கள். அவற்றில் செமினாரும் ரிசர்ச்சும் ஆய்வு செய்யப் பழக்குபவை. அமெரிக்காவில் இருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "மகள் பத்தாம் வகுப்பில் ஏபி செமினார் படிக்கிறாள். அடுத்த வருடம் ஏபி ரிசர்ச் எடுத்தால் ஏபி பயாலஜிக்கு இடம் இருக்காது. அவளுக்கு ஆர்வமோ உயிரியல் பக்கம். கேப்ஸ்டோன் டிப்ளமா வாங்கினால் நல்ல காலேஜ் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வருட உழைப்புக்கு இது தகுமா?"

டிப்ளமாவுக்காக என்றால் வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். செமினார், ரிசர்ச் இரண்டிலும், அவற்றோடு வேறு 4 ஏபி தேர்வுகளிலும் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால்தான் அந்த டிப்ளமா. பதினொன்றாம் வகுப்புக்குள் இத்தனையும் முடியாவிட்டால், மிச்சத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு மே மாதத்தில்தான் எழுத முடியும். மதிப்பெண் வர ஜூலை ஆகிவிடும். காலேஜ் விண்ணப்பங்களோ அதற்கு முந்தைய நவம்பரிலும் ஜனவரியிலுமே போய்விடுகின்றன. அட்மிஷன் அதிகாரி உங்கள் மகளின் கோப்பைத் திறக்கும் நாளில் டிப்ளமா அதில் இருக்காது. என்னென்ன பாடம் எடுத்தாள், எப்படிப் படித்தாள், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்பவைதான் இருக்கும்.

அதற்காக இந்தப் பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. மே மாதத் தேர்வு கிடையாது. மாணவி தானே ஒரு கேள்வியைத் தேர்ந்து, அதைப் பற்றி ஏற்கெனவே வந்த ஆய்வுகளைப் படித்து, தானே தரவு திரட்டி, 4000 முதல் 5000 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். 75 சதவீத மதிப்பெண் அதற்கு. மீதி 25 சதவீதம், ஆய்வை நேரில் விளக்கி, ஆசிரியரும் வேறு இரண்டு பேரும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு.

அப்படிக் கேள்வி கேட்கும் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெண் இன்னும் நினைவில் நிற்கிறாள். "சமூக ஊடகம் மாணவர்களைப் பாதிக்கிறதா?" என்றுதான் முதலில் தொடங்கினாளாம். எந்த மாணவர்கள், பாதிப்பை எதை வைத்து அளப்பாய் என்று ஆசிரியர் கேட்க, இரண்டு மாதம் திணறிவிட்டு அதைக் கைவிட்டாள். வார இறுதியில் மொழிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்பவள் அவள். அங்கேயே அவளுடைய கேள்வி கிடைத்தது: பாட்டியோடு பேசும்போது ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள்? பெற்றோர் அனுமதி, பள்ளியின் ஆய்வு ஒப்புதல் குழு அனுமதி எல்லாம் வாங்கி, பேச்சைப் பதிவு செய்து, சொல் சொல்லாக எண்ணியிருந்தாள். "இரண்டு பதிவுகளை ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த இரண்டிலும் பாட்டிதான் முதலில் ஆங்கிலத்துக்கு மாறினார். அப்போது நான் எண்ணுவது பிள்ளையை இல்லையே" என்றாள். பதினாறு வயதில் தன் தரவைத் தானே சந்தேகிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு வருடத்தில் இது கிடைக்குமென்றால் தாராளமாகத் தகும்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. கேள்வி சூடு பிடிக்காத பிள்ளை, பிப்ரவரியில் அவசர அவசரமாக ஒரு கூகுள் ஃபார்மை நண்பர்களுக்கு அனுப்பி, வந்த பதில்களை வைத்து 4000 சொற்களை இழுத்துப் பிடித்து எழுதும். கட்டுரையை அனுப்ப வேண்டியது ஏப்ரல் கடைசியில். மற்ற ஏபி பாடங்களுக்குப் படிக்க வேண்டிய நேரமும் அதுதான். ஆசிரியர் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நீங்களும் கை வைக்காதீர்கள்.

அதனால் மகளை ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். உயிரியலில் அவளுக்குப் புரியாத, உண்மையிலேயே உறுத்தும் ஒரு விஷயத்தை எழுதி வைக்கட்டும். இரண்டு வாரத்தில் அதைப் பற்றி நான்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கட்டும். முழுதும் புரியாவிட்டால் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கேள்வி மாறியிருந்தால், சுருங்கியிருந்தால், சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நல்ல அறிகுறி. நீங்கள் நினைவுபடுத்தித்தான் படிக்கிறாள் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

உயிரியல் என்றதும் ஆய்வகத்துக்கு எங்கே போவது என்று கவலைப்படுவீர்கள். ஆய்வகம் இல்லாமலும் முடியும். பறவை பார்ப்பவர்கள் பதிவேற்றும் ஈபேர்ட், செடி, பூச்சி என்று எதையும் பதியக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட், அமெரிக்க அரசின் உடல்நல ஆய்வான என்ஹேன்ஸ் ஆகியவற்றின் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு "கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம்" என்று அழைக்கும் தனியார் திட்டங்களின் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள்.

பயாலஜியைப் பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்க முடியுமா என்று பள்ளியின் கவுன்சிலரிடம் கேளுங்கள். முடியுமென்றால் ரிசர்ச்சைப் பதினொன்றிலேயே முடிப்பது நல்லது. விண்ணப்பம் எழுதும் இலையுதிர் காலத்தில் கையில் முழு ஆய்வு இருக்கும். வரிசையை மாற்றினால் அப்போது பாதிக் கேள்விதான் இருக்கும். ஏபி மதிப்பெண்ணைப் பார்த்துக் காலேஜ் தன் படிப்பில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். காலேஜுக்குக் காலேஜ் விதி வேறு, ரிசர்ச்சுக்குக் கிடைத்தாலும் பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில்தான் சேரும். பயாலஜி இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல்.

கடைசியாக, பாடத் தேர்வுப் படிவம் கொடுக்கும் முன் ரிசர்ச் ஆசிரியரை ஒருமுறை சந்தியுங்கள். போன வருட மாணவர்கள் என்னென்ன கேள்விகளை எடுத்தார்கள், ஒப்புதல் குழு எத்தனை நாளில் பதில் தருகிறது, ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விகளைப் பற்றி அவர் கண்ணில் வெளிச்சத்தோடு பேசினால், மகளின் சோதனையும் நன்றாகப் போயிருந்தால், சேர்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பயாலஜியே எடுக்கட்டும்.