ஓகர் ஒன்று, கோப்லின்கள் பத்து

கேள்வி: கல்லூரிக் காலத்து நண்பர்கள் நால்வருக்கு ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் மேசைக் கதையாட்டத்தை நடத்தி வருகிறேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நூல்களே எங்களிடம் உள்ளன. போர்வீரன், கள்வன், கிளெரிக் என்னும் இறையருள் பெற்ற பூசாரி, மந்திரவாதி என நான்கு பாத்திரங்களும் இப்போது மூன்றாம் லெவலில் இருக்கின்றன. கதையின் உச்சக்கட்டத்துக்காக நான் வைத்திருந்த ஓகர் என்னும் ராட்சதன் இரண்டாவது சுற்று முடிவதற்குள் விழுந்துவிட்டது. எல்லோருக்கும் ஏமாற்றம். அடுத்த வாரம் காட்டுப் பாதையில் கோப்லின் என்னும் குட்டிப் பூதங்கள் பத்தைப் பதுங்க வைத்தேன். முதல் சுற்றிலேயே மந்திரவாதி சாய்ந்தான், அடுத்த சுற்றில் கிளெரிக். கோப்லின்கள் அப்படித்தான் செய்யும் என்று எண்ணி, விழுந்து கிடந்தவர்களையும் குத்த வைத்தேன். இருவரும் இறந்துபோனார்கள். பதற்றத்தில் மீதிக் கோப்லின்களின் ஹிட் பாயிண்டுகளை, அதாவது உயிர்ப் புள்ளிகளை, நடத்துபவர் குறிப்புகளை மறைக்க வைக்கும் திரைக்குப் பின்னால் குறைத்துவிட்டேன், அதை ஒரு நண்பர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மந்திரவாதியாக ஆடியவர் இரண்டு வாரமாக வரவில்லை. அரக்கர்களின் பலத்தை எப்படி அளந்து வைப்பது? திரைக்குப் பின்னால் எண்களை மாற்றுவது தவறா?

— கோவை வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் வைத்த இரண்டு சண்டைகளையும் காகிதத்தில் திரும்ப நடத்திப் பார்த்தபோது, நடந்தவை இரண்டுமே நடக்க வேண்டியவைதாம் என்று தெரிந்தது. நூலில் ஓகரை வென்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் 450, ஒரு கோப்லினுக்கு 50 என்பதால் பத்துக்கு 500. ஏறத்தாழ சமமான இந்த இரு எண்களைப் பார்த்து, இரண்டாவது சண்டை முதலாவதைவிடச் சற்றே கடினமாக இருக்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் மேசையில் சண்டையின் கடுமையைத் தீர்மானிப்பது அரக்கனின் உடம்பைவிட அதிகமாக, ஒரு சுற்றில் எந்தப் பக்கத்துக்கு எத்தனை முறை கை ஓங்கக் கிடைக்கிறது என்பதுதான்.

கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஓகருக்கு 59 ஹிட் பாயிண்டுகள் உண்டு, ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எதிராளியின் பகடைக் கணக்கு எட்ட வேண்டிய எண், வெறும் 11. ஒரு சுற்றில் அது ஒரே ஒரு முறைதான் தன் தடியைச் சுழற்றும். ஆர்மர் கிளாஸ் 16 உள்ள ஒருவர்மீது அந்த அடி படுவதற்கான வாய்ப்பு 55 விழுக்காடு, பட்டால் சராசரியாக 13 போகும், ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 7 புள்ளிதான் உங்கள் நண்பர்கள் இழக்கிறார்கள். அதே சுற்றில் போர்வீரன் ஆக்‌ஷன் சர்ஜைச் செலவழித்து இரண்டு முறை வெட்டி, கள்வன் ஸ்னீக் அட்டாக் என்னும் கூடுதல் சேதத்தோடு குத்தி, மந்திரவாதி தன் பெரிய நெருப்பு மந்திரத்தையும் கிளெரிக் தன் ஒளி மந்திரத்தையும் எய்தால், தவறிப்போகும் அடிகளைக் கழித்த பின்னும் 50 புள்ளிக்கு அருகில் வந்துவிடும். அதன் பிறகு அந்த ஓகர் இன்னொரு சுற்று நின்றிருந்தால்தான் ஆச்சரியம்.

கோப்லினுக்கு இருப்பதோ 7 ஹிட் பாயிண்டுகள். ஆர்மர் கிளாஸ் 16-க்கு எதிராக அதன் அடி படும் வாய்ப்பு 45 விழுக்காடு, பட்டால் ஐந்தரை. தனியாகப் பார்த்தால் இரண்டரைப் புள்ளிக்குக் கூட முழுதாகத் தேறாத எதிரி. பத்தும் ஒரே சுற்றில் எய்தால் 25. அவை பதுங்கியிருந்து எய்ததால் முதல் அம்புக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கும் சலுகை, கிடைக்கிறது, அப்போது அது 38 வரை ஏறுகிறது. மூன்றாம் லெவல் மந்திரவாதிக்குச் சாதாரணமாக 20 ஹிட் பாயிண்டுகள்தாம், கவசமும் கிடையாது. அவர் முதல் சுற்றில் சாய்ந்தது துரதிர்ஷ்டம் அல்ல.

இதை உங்கள் நூலே எச்சரிக்கிறது. எதிரிகள் ஏழு முதல் பத்து வரை இருந்தால் அவர்களின் மொத்தப் புள்ளிகளை இரண்டரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது 2014 பதிப்பின் விதி. அப்படிப் பெருக்கினால் உங்கள் கோப்லின்கள் 1,250-க்கு வருகின்றன. மூன்றாம் லெவலில் நால்வருக்குக் கடினமான சண்டை 900-இல் தொடங்குகிறது, உயிராபத்தானது 1,600-இல் தொடங்குகிறது. எனவே 1,250 கடினம்தான். ஆனால் குழு முழுவதும் எதிர்பாராமல் தாக்கப்பட்டால் ஒரு படி கூட்டிக்கொள்ளச் சொல்லும் வரியும் அங்கேயே இருக்கிறது, அந்த ஒரு படிதான் உங்கள் சண்டையை உயிராபத்தாக்கியது. ஓகரின் 450-ஐ ஒன்றால்தான் பெருக்க வேண்டும் என்பதால் அது எளிய சண்டை என்ற தட்டிலேயே நின்றுவிட்டது. 2024-இல் வந்த திருத்திய நூலில் இந்தப் பெருக்கல் அட்டவணையை எடுத்துவிட்டார்கள். கூட்டுவது சுலபமாயிற்று, ஆனால் எண்ணிக்கையின் ஆபத்து எங்கும் போய்விடவில்லை. எந்தப் பதிப்பை வைத்து ஆடினாலும், அரக்கர்களைத் தேர்ந்தெடுத்த பிறகு இரு பக்கத்திலும் ஒரு சுற்றில் எத்தனை தாக்குதல்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடுங்கள். நால்வருக்கு எதிராக மூன்று முதல் ஐந்து வரை இருந்தால் சண்டை உங்கள் கைக்குள் நிற்கும்.

சேலஞ்ச் ரேட்டிங் என்ற எண்ணிடம் அது சொல்லாததை எதிர்பார்க்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அறிமுகமான அந்த எண் உங்கள் 2014 பதிப்பில் கூறுவது இவ்வளவே: நன்றாக ஓய்வெடுத்து, தக்க ஆயுதங்களோடு வரும் நால்வர் குழு, அதே லெவலில் இருந்தால், அந்த ஒற்றை அரக்கனை யாரும் சாகாமல் வெல்லும். அப்படியானால் எண் 2 கொண்ட ஓகர் மூன்றாம் லெவல் குழுவிடம் தோற்பது நூல் கொடுத்த வாக்குதானே. அதோடு, அந்தப் பதிப்பின் கணக்கு ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டுச் சண்டைகள் வரை நடக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. உங்கள் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு முதல் படி மந்திரங்கள் நான்கு, இரண்டாம் படி இரண்டு. சனிக்கிழமைக்கு ஒரே சண்டை என்றால் அந்த ஆறையும் அவர் ஓகர்மீதே கொட்டிவிடலாம், அடுத்த சண்டைக்கு மிச்சம் வைக்க வேண்டிய கவலை அவருக்கு இல்லை. வாரம் ஒரு சண்டைதான் நேரம் அனுமதிக்கிறது என்றால், கதையில் ஒரு பகலை மூன்று சனிக்கிழமைகளுக்கு இழுத்துச் செல்லுங்கள். இரவு வந்துவிட்டது, தூங்கி எழுந்தோம் என்று ஒவ்வொரு வாரமும் தொடங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அந்த எண் எங்கெங்கே கண்ணை மூடிக்கொள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் விழக்கூடிய குழிகள் அவை. ஷேடோ என்னும் நிழல் உருவத்துக்கு எண் வெறும் 1/2. ஆனால் அதன் ஒவ்வொரு தொடுகையும் உடல் வலிமையில் 1 முதல் 4 வரை உறிஞ்சிக்கொள்ளும், வலிமை பூஜ்யமானால் மரணம். வலிமை 8 மட்டுமே உள்ள மந்திரவாதியை மூன்று நான்கு தொடுகைகளில் அது கொன்றுவிட முடியும். மறுபக்கம், ஓகர் போதவில்லை என்று இளம் சிவப்பு டிராகனைக் கொண்டுவந்தால், அதன் நெருப்பு மூச்சு சராசரியாக 56 புள்ளி எடுக்கும். அதிலிருந்து விலகத் தவறிய 20 புள்ளி மந்திரவாதி மயங்கிக்கூட விழமாட்டார், மிஞ்சிய சேதம் அவருடைய முழு அளவைத் தாண்டிவிடுவதால் அந்த இடத்திலேயே இறந்துவிடுவார். தனி அரக்கனைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சண்டை கடினமாவதில்லை, திடீரென்று முடிகிறது. அந்த டிராகனை வயது வந்த பிறகு எதிர்கொள்ளும்போது, பிறருடைய முறைகளுக்கு இடையில் செயல்பட மூன்று லெஜண்டரி ஆக்‌ஷன்களை நூல் கொடுத்திருப்பதற்குக் காரணமும், தனியாக நிற்பவனுக்கு முறைகள் போதாது என்பதுதான்.

இப்போது அதே காட்டுப் பாதைக்கு வருவோம். பத்துக் கோப்லின்களைக் குறைக்க வேண்டியதில்லை. பாதை ஒரு ஓடையைக் கடக்கும் இடத்தில், விழுந்த மரத்தின்மேல் நான்கு கோப்லின்கள் காவல் நிற்கட்டும். அவற்றில் ஒன்றின் கழுத்தில் கொம்பு தொங்குவதை, குழு நூறு அடி தள்ளி நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மேட்டின் பின்னால் புகை எழுவதையும், அங்கிருந்து வரும் பேச்சுக் குரல்களையும் சொல்லுங்கள். கொம்பு ஊதப்பட்டால் இரண்டு சுற்றில் மூன்று பேர் வருவார்கள், அதற்கும் இரண்டு சுற்றுக்குப் பின் மீதி மூன்று பேர். கொம்புக்காரனை முதலில் வீழ்த்துவதா, ஓசையில்லாமல் சுற்றிப் போவதா, ஐந்து வெள்ளிக் காசைக் கொடுத்துக் கடப்பதா என்பதை நண்பர்கள் பேசி முடிவெடுக்கட்டும். எண்ணிக்கை பத்தேதான். ஆனால் ஒரே நேரத்தில் எத்தனை பேரை எதிர்கொள்வது என்பது இப்போது அவர்களுடைய முடிவு.

அந்தக் கோப்லின்களுக்கு உயிராசையும் கொடுங்கள். 1981-இல் வந்த பேசிக் விதிகளில் மொரால் என்றொரு ஏற்பாடு இருந்தது, அது பின்னாளில் ஓரங்கட்டப்பட்டதை ஒரு குறையாகவே நான் கருதுகிறேன். ஒரு பக்கத்தில் முதல் ஆள் இறந்தவுடனும், பாதிப் பேர் வீழ்ந்தவுடனும், நடத்துபவர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுவார், கூட்டுத்தொகை அந்த அரக்கனின் மொரால் எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கோப்லினுக்கு 7 என்று வைத்தால், ஒவ்வொரு சோதனையிலும் 36-க்கு 15 வாய்ப்பு ஓட்டத்துக்கு. பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். கடைசிக் கோப்லின் வரை வெட்டிச் சாய்க்கும் சலிப்பான கட்டமும் இதனால் குறைந்துவிடும்.

விழுந்தவர்களைக் குத்தியது பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் பதிப்பில் பூஜ்யத்துக்கு வந்த பாத்திரம் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் பிழைப்பை நோக்கியும் கீழே வந்தால் சாவை நோக்கியும் ஒரு படி நகரும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். மயங்கிக் கிடப்பவரை அருகில் நின்று குத்தினால் ஒரே குத்தில் இரண்டு தோல்வி. கடுமையைக் கூட்டும் கருவிகளில் இதைவிடக் கூரியது உங்கள் கையில் இல்லை, அதை நீங்கள் அறியாமலே வீசிவிட்டீர்கள். கோப்லின்கள் அப்படித்தான் செய்யும் என்கிறீர்கள். நின்று வெட்டிக்கொண்டிருக்கும் போர்வீரன் எதிரே இருக்கும்போது, வழிப்பறிக்காரன் கீழே கிடப்பவன்மீது ஏன் நேரத்தைச் செலவிடுகிறான்? அவன் மந்திரவாதியின் பையை அறுத்துக்கொண்டு ஓடுவான், அல்லது ஆளையே இழுத்துப்போய்ப் பணயம் கேட்பான். பசித்த ஓநாயும் பிணந்தின்னியும் விழுந்தவரைக் கடிக்கும் என்றால் கடிக்கட்டும், ஆனால் அந்த அரக்கனின் குணத்தைச் சண்டைக்கு முன்பே, வழியில் கிடக்கும் ஒரு சடலத்தின் மூலமாவது, காட்டிவிட வேண்டும்.

காட்டிவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் விதிகளில், நிலவறையின் தளம் ஆழமாக ஆழமாக அரக்கர்கள் பலமானவர்களாக வருவார்கள். இன்னொரு படிக்கட்டு இறங்கலாமா, திரும்பிவிடலாமா என்பதை ஆடுபவர்களே முடிவு செய்தார்கள். எங்கள் மேசையில் ஒரு முறை, வெட்டிய கை தரையில் கிடந்து தானாகவே விரல்களை மடக்குவதைக் கண்ட குழு, அது ட்ரோல் என்று புரிந்துகொண்டு, நெருப்பும் அமிலமும் இல்லாமல் அதன் காயங்கள் ஆறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊருக்குத் திரும்பி எண்ணெய்க் குடுவைகள் வாங்கி வந்தது. சேலஞ்ச் ரேட்டிங் 5 கொண்ட அந்த ட்ரோலை நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தவறு என்றே நான் நினைக்கிறேன். மேசைக்கு இன்னும் வராத எதுவும் உங்களுடையது. மேட்டின் பின்னால் ஆறு பேரா, மூன்று பேரா என்பதை ஆட்டத்துக்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்துங்கள். ஆனால் உருண்டு நின்ற பகடையும், சண்டைக்குள் வந்துவிட்ட அரக்கனின் எண்களும் ஐந்து பேருக்கும் பொதுவானவை. நீங்கள் இரக்கத்தால்தான் குறைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. எனினும், மிச்சமிருந்தவர்களைக் காப்பாற்றக் குறைக்க முடிந்ததென்றால் மந்திரவாதிக்காக ஏன் குறைக்கவில்லை என்ற கேள்வி அந்த நண்பர் மனத்தில் எழாமல் இருக்காது. இனிச் சண்டைப் பகடைகளைத் திரைக்கு வெளியே உருட்டுங்கள். அளவு தப்பிவிட்டது என்று நடுவில் தெரிந்தால், ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, "நான் இதைத் தவறாக அளந்துவிட்டேன், இவர்கள் உங்களைச் சிறைப்பிடிப்பதாக வைத்துக்கொள்வோமா?" என்று கேட்டுவிடலாம். நண்பர்கள் மறுக்கமாட்டார்கள்.

வராமல் போன நண்பரிடம் குறுஞ்செய்தியில் பேசாதீர்கள், நேரில் போங்கள். பதுங்கித் தாக்கியதால் ஒரு படி கூடியதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும், விழுந்தவரைக் குத்தியது உங்கள் முடிவுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டால், அவருடைய மந்திரவாதியும் அந்தக் கிளெரிக்கும் சாகவில்லை, இழுத்துச் செல்லப்பட்டார்கள் என்று எல்லோரும் அறியவே மாற்றி எழுதலாம், அடுத்த சனிக்கிழமைக்கு மீட்புப் பயணம் தயாராகிவிடும். அவர் வேண்டாம், புதிய பாத்திரமே போதும் என்றால், அது மூன்றாம் லெவலிலேயே தொடங்கட்டும். முதல் லெவலிலிருந்து தொடங்கும் மந்திரவாதிக்கு இருப்பது எட்டு ஹிட் பாயிண்டுகள், ஓகரின் ஒரு அடி பதின்மூன்று.