படையிலிருந்து விலகுபவரைச் சிறிய ஏசிக் கடையில் பயிற்சிக்கு எடுக்கலாமா?

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இரண்டு பேரை வைத்து நடத்தும் ஏசிக் கடையில், படையை விட்டு வெளியேறப் போகும் ஒருவரைப் பயிற்சி பெறுபவராகச் சேர்த்தால் பயன்படுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் என்னைப் போல முதல் மாதம் முழுவதும் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சம்பளத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம். குறைந்தது 4 ஆண்டுகள் பணியாற்றிய பிரெஞ்சுப் படைவீரருக்கு, அதிகபட்சம் 120 வேலை நாள்கள் வரை தொழில்மாற்ற விடுப்பு உண்டு. அந்த நாள்களில் படைச் சம்பளம் தொடரும். படையினர் வேறு வேலைக்கு மாற உதவும் 'தெஃபான்ஸ் மொபிலித்தே' என்னும் அலுவலகத்தில் விசாரியுங்கள். 18 முதல் 25 வயதுக்குள் தொழில் கற்பதற்காகவே சீருடை அணியும் ஆர்.எஸ்.எம்.ஏ. இளைஞர்களை இவர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு ஏற்பாடு. ஓசி ஆள் தேடினாயா என்று என்னிடம் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு ஒன்று: என்னிடம் பயிற்சிக்கு வந்தவரின் மதியச் சாப்பாடும் வண்டிச் செலவும் என்னுடையவை, அவருக்காக யாரையும் நான் வேலையை விட்டு அனுப்பவில்லை.

2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் அடித்த பிறகு, வடக்குப் பக்கம் முழுவதும் அவுட்டோர் யூனிட் மாற்றும் வேலை குவிந்திருந்தபோது அவர் வந்தார். லெ போர் கடற்படைத் தளத்தில் கப்பலின் இயந்திர அறையில் பணியாற்றியவர். கடை திறப்பது 7.30 மணிக்கு, அவர் 7.10க்கே ஷட்டர் முன்னால் நிற்பார். செந்த் சூசானில் ஒரு வீட்டில் முதல் முறையாகக் குழாய் இணைப்பை அவரிடம் விட்டேன். கசிவு இருக்கிறதா என்று பார்க்க நைட்ரஜனை ஏற்றி, கேஜில் தெரிந்த அளவையும் நேரத்தையும் ஒரு துண்டு டேப்பில் எழுதிக் குழாயிலேயே ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்து, முள் நகரவில்லை என்றார். என்னிடம் எட்டு ஆண்டுகளாக இருப்பவர் சோப்பு நுரையைத் தடவி, "ஒழுகல, முசியே" என்று முடித்துவிடுவார்.

அதே வீட்டிலிருந்து இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. யூனிட்டைத் தாங்கும் இரும்பு உப்புக்காற்றில் உள்ளே அரித்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது. "அன்றைக்கே பார்த்தேன், முசியே, நீங்கள் கேட்கவில்லை" என்றார் படையிலிருந்து வந்தவர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா நினைவுக்கு வந்தார். அவர் புதுச்சேரியில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர்; படையில் லாரி எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தவர். ஓய்வு பெற்று வந்து ஒரு பட்டறையில் வேலை கேட்டபோது, பென்ஷன் வாங்குகிறவருக்கு வேலை எதற்கு என்று திருப்பி அனுப்பினார்கள். உனக்கு என்ன தெரியும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதன்பின் அவர் வேலை கேட்டு எங்கேயும் போகவில்லை.

மறுநாள் முதல், கடையைப் பூட்டுவதற்கு முன் பத்து நிமிடம், அன்று கண்ணில் பட்ட குறைகளைச் சொல்லும்படி பயிற்சிக்கு வந்தவரிடம் சொன்னேன். இரண்டு நாள் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாம் நாள் என் வேனைப் பற்றி மட்டும் பதினொரு குறைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றில் ஒன்று, காலாவதியான தீயணைப்புக் குப்பி.

ஏசிக்குள் ஓடும் குளிர்வாயுவைக் கையாளுவதற்கான சான்றிதழ் உங்களிடம் வருபவரிடம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லாதவரை வாயு உள்ள குழாயைத் திறக்க விடக் கூடாது. விடுப்பு முடிந்ததும் என் ஆள் என்னிடம் தங்கவில்லை, துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குப் போய்விட்டார். அதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அடுத்த ஆளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.