தோட்டத்து நாய்க்கு அடிபட்டால், மருத்துவரிடம் போவதற்குள் என்ன முதலுதவி செய்யலாம்?

முதலில் வாயைக் கட்டுங்கள். எவ்வளவு பழகிய நாயும் வலியில் கடிக்கும். நீளமான துணிப்பட்டையை மூக்குக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, தாடைக்கடியில் குறுக்கிட்டு, காதுகளுக்குப் பின்னால் உருவு முடிச்சுப் போடுங்கள். மூச்சு இரைக்கிற நாய்க்கும் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மட்டும் கட்டவே கூடாது.

முள்கம்பியோ அரிவாளோ கிழித்து ரத்தம் வழிந்தால், சுத்தமான துணியை மடித்து வைத்து முழுதாக 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வந்து மறுபடி கொட்டும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். சிறு காயமானால், ரத்தம் நின்ற பிறகு, காய்ச்சி ஆறவைத்த அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவலாம். பினாயிலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். சதை வெந்துபோகும், நாய் அதை நக்கியும் விழுங்கும். காலில் கட்டுப் போட்டால் நடு விரல்களின் நுனி வெளியே தெரியட்டும். அவை வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். இன்னொரு நாய் கடித்த காயம் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். உள்ளே தசை கிழிந்து சீழ் கட்டக்கூடும் என்பதால் அதைக் கட்டாயம் மருத்துவர் பார்க்க வேண்டும்.

எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கண்ணின் பாவை சுருங்கியிருந்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நடுங்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். அதிக உப்பே உயிரை எடுக்கும். ரோமத்தில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் கழுவுங்கள். மருந்தின் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எனக்கு அதிகக் கவலை எலிமருந்தில்தான். ரத்தம் உறையாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் இரண்டு மூன்று நாள் ஓடியாடிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகே உள்ளே ரத்தம் கசியும். தின்றது தெரிந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். வெயிலில் சுருண்டு, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 103க்கு இறங்கியதும் நிறுத்துங்கள். எந்த வலிக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் கொடுக்காதீர்கள்.

ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். 2 நொடிக்குள் நிறம் திரும்பாவிட்டாலோ, ஈறே வெளுத்திருந்தாலோ, கழுவுவதையும் கட்டுவதையும் விட்டுவிட்டு உடனே வண்டியில் ஏற்றுங்கள். ரத்தம் வழியும் இடத்தை மட்டும் போகிற வழியெல்லாம் அழுத்திப் பிடித்திருங்கள்.