அந்த எருக்கலையைப் பிடுங்கிவிடாதீர்கள், தம்பி

தம்பி, ஜூன் மாதம் டொரொன்டோ நகரின் ஸ்காபரோப் பகுதி வீட்டுக்குக் குடிவந்ததையும், பின்வளவைப் பார்க்கும் பொறுப்பை வீட்டுக்காரர் உங்கள் தலையில் கட்டியதையும் எழுதியிருந்தீர்கள். வேலியோரம் நெஞ்சு உயரத்துக்கு மஞ்சள் பூ, மனைவிக்கு ஓயாத தும்மல். ஒடித்தால் பால் வடிகிற ஒரு செடி, அதில் வரிவரியாகப் புழு. விடிந்தால் புல்தரையெல்லாம் குழி, இரவில் குமட்டுகிற நாற்றம். எல்லாவற்றையும் வெட்டி, மருந்தும் அடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்.

பால் வடிகிற செடியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான். அதன் பெயர் மில்க்வீட். நம்மூர் எருக்கலைக்குச் சொந்தக்காரச் செடி. இன்னும் சில வாரங்களில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும்போது நீங்களே உறவைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஊரில் எருக்கலை இலையில் வரிப்புழு ஒன்று கிடக்குமே, பிறகு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகுமே, அதற்கு இந்த நாட்டு ஒன்றுவிட்ட சகோதரம்தான் மொனார்க். நீங்கள் பார்த்த கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப்புழு அதன் பிள்ளை. மில்க்வீட் இல்லாவிட்டால் அந்தப் புழுவுக்குச் சாப்பாடே இல்லை. நானும் முதல் வருடம் களை என்று நினைத்து அதை வேரோடு பிடுங்கி எறிந்தவன். என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒன்ராறியோ மாகாணமே 2014 வரை அதைக் களைப் பட்டியலில்தான் வைத்திருந்தது.

கோடையின் முற்பகுதியில் பிறக்கும் மொனார்க்குகள் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆவணியில் கூட்டை உடைத்து வருகிறவை அப்படியல்ல. அவை முட்டையிடுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, தெற்கே 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மெக்சிக்கோவின் மலைக்காட்டு மரங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை எங்கே போகின்றன என்று தேடியவர் வேறு யாருமல்ல, டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் நம் ஸ்காபரோ வளாகத்தில் பேராசிரியராக இருந்த பிரெட் உர்குவார்ட். அவரும் மனைவி நோராவும் இறக்கைகளில் குட்டி ஒட்டுச்சீட்டுகளை ஒட்டி அனுப்பி, ஊரூராகத் தொண்டர்களைச் சேர்த்து, ஏறக்குறைய 40 வருடங்கள் தேடினார்கள். 1975இல்தான் இடம் பிடிபட்டது. செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு லெஸ்லி வீதி முடிகிற இடத்தில் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் டொமி தொம்சன் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். ஏரியைக் கடக்குமுன் அவை இளைப்பாறும் இடங்களில் அதுவும் ஒன்று.

மருந்து என்ற பேச்சே வேண்டாம். வீட்டுத் தோட்டத்தை அழகுபடுத்துவதற்காகப் பூச்சிமருந்து, களைமருந்து அடிப்பதற்கு இந்த மாகாணத்தில் 2009 முதல் தடை இருக்கிறது.

மஞ்சள் பூ கோல்டன்ராட். பாவம், செய்யாத குற்றத்துக்கு ஒவ்வொரு வருடமும் அடி வாங்குகிற செடி. அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. தேனீயின் காலில் ஒட்டிப் போகுமே தவிரக் காற்றில் பறக்காது. உங்கள் மனைவியைத் தும்மவைப்பது பெரும்பாலும் அதே சமயத்தில் பூக்கிற ராக்வீட்தான். பூ என்றே தெரியாத பச்சைக் கதிர், கிழிந்த மாதிரி இலை. வேலிக்கு வெளியே, ஒழுங்கை ஓரங்களில் தேடுங்கள். அதைத் தாராளமாகப் பிடுங்கலாம். கோல்டன்ராடையும், அடுத்துப் பூக்கப்போகும் ஊதா ஆஸ்டரையும் விட்டுவையுங்கள். ஆஸ்டர் நம் செவ்வந்திக் குடும்பம். தெற்கே போகிற மொனார்க்குக்கு வழிச்சாப்பாடு இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

இனி அந்தக் குழிகள். தோண்டுகிறவர் அநேகமாக ஸ்கங்க், பயந்தால் வாலைத் தூக்கி நாற்ற நீரைப் பீச்சுகிற, பூனை அளவு விலங்கு. நாற்றமும் அவருடையதே. புல்லின் அடியில் வண்டுப் புழுக்கள் கொழுக்கிற காலம் இது. அவற்றைத் தின்னத்தான் மூக்கால் கிண்டுகிறது. புல் மறுபடி வளரும். நீங்கள் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. நான் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும்.

ஊர்ப் பழக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரைக் கத்தரிக்கன்றுக்கு ஊற்றினேன். அதோடு விட்டேனா, அறக்குளாவின் குடலையும் செதிலையும் அடியில் புதைத்தேன். கத்தரி செழித்தது உண்மை. அன்றிரவு சரசரப்புக் கேட்டு, பூனை என்று நினைத்து டோர்ச்சோடு இறங்கினேன். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. முன்காலால் தரையை இரண்டு முறை உதைத்தது. அது எச்சரிக்கை என்று எனக்கு யார் சொன்னார்கள்? சூ என்று ஒரு அடி முன்னே வைத்தேன். வால் மேலே போனது மட்டும் நினைவிருக்கிறது. மூன்று நாட்கள் எனக்குக் கராஜில்தான் படுக்கை. தேசிக்காய் தேய்த்துக் குளித்தேன். ஸ்கங்க் நாற்றத்தோடு தேசிக்காய் மணமும் சேர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அடுத்த வீட்டு இத்தாலியப் பாட்டி சொன்னதுதான் பலித்தது: மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவ சோப் ஒரு தேக்கரண்டி. கலந்த உடனே பயன்படுத்துங்கள், கண்ணில் படக்கூடாது. மிச்சத்தைப் போத்தலில் மூடிவைத்தால் வெடிக்கும், ஊற்றிவிடுங்கள்.

ரக்கூனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஊரில் கூரைக்குள் ஓடும் மரநாய்க்குக் கைவிரல் முளைத்தால் எப்படியோ அப்படி. அது கிண்டாமல் இருப்பதற்காகவே, சாப்பாட்டுக் கழிவு போடும் பச்சைத் தொட்டியை இந்த நகரம் 2016இல் பூட்டு வைத்துக் கொண்டுவந்தது. பூட்டைத் திருப்ப மறந்தால் தொட்டி என்ன செய்யும்? ரக்கூனின் எச்சத்தில் ஆபத்தான புழு முட்டைகள் இருக்கலாம், பிள்ளைகளை வெறுங்கையால் தொடவிடாதீர்கள். எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அடிபட்டோ தள்ளாடியோ ஒன்று கிடந்தால் நகரசபையின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், கிட்டப் போகவேண்டாம்.

அணிலைக் கேட்டிருந்தீர்கள். கறுப்பாகப் பெரிதாகத் திரிவது இராமர் தடவ மறந்த அணில். கோடு போட்ட சின்னது சிப்மங்க். இரண்டும் இப்போது மும்முரமாகப் புதைக்கிற காலம். உங்கள் மல்லிகைச் சட்டியைச் செப்டம்பர் கடைசிக்குள் வீட்டுக்குள் எடுக்கும்போது மண்ணை ஒருமுறை கிளறிப் பாருங்கள். அடுத்த வீட்டு இத்தாலியப் பாட்டி, அணில்களுக்குப் பச்சைக் கச்சான் போடுவார். போன கார்த்திகையில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் வரவேற்பறை மல்லிகைக்குப் பக்கத்தில் ஒரு கச்சான் செடி முளைத்து நின்றது.