பதில்: இங்க்ஸ்கேப்பில் செய்த வாசகம் திரையில் பளிச், ஏ4 அச்சில் மங்கல்

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த வாசகப் படம் ஏ4 தாளில் மங்கலாக வருகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது, தோழிக்கு அனுப்பியதில் எழுத்துரு மாறிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். படத்தின் அளவாக நீங்கள் சொன்ன 794×1123 பிக்சலைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இங்க்ஸ்கேப் பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்யும்போது தானாக எடுத்துக்கொள்வது 96 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி, அது திரைக்குப் போதும், தாளுக்குப் போதாது. ஏற்றுமதிப் பெட்டியில் அதை 300 ஆக்குங்கள், அதே ஏ4 பக்கம் 2480×3508 பிக்சலாக வரும், 'ழ'வின் சுழி கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கும். ஜேபெக் மட்டும் வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஒரு கசிவு வரும்.

ஆனால் எழுத்துதான் முக்கியம் என்றால் நான் பிடிஎஃப்தான் கொடுப்பேன், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. தோழிக்கு அனுப்பிய எஸ்விஜியில் (இங்க்ஸ்கேப்பில் திருத்தக்கூடிய மூலக் கோப்பு) எழுத்துரு மாறிப்போனது அவரிடம் அந்த எழுத்துரு இல்லாததால். பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றும் தேர்வை டிக் செய்துவிடுங்கள், கொம்பும் காலும் இருந்த இடத்திலேயே நிற்கும். மூல எஸ்விஜியைத் தனியாக வைத்திருங்கள், பாதையாக்கிய பிறகு ஓர் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது.

அப்புறம், ஓரம் வெட்டுப்படுவதற்கு: வீட்டு அச்சுப்பொறிகள் பெரும்பாலும் தாளின் விளிம்பு வரை அடிக்காது, சுற்றிலும் 10 மிமீ விடுங்கள்.

சரி, பகிரும் முன் எழுத்துருவின் உரிமத்தைப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், காட்டமரான் இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, தாராளமாகப் பயன்படுத்தலாம். வாசகம் வேறொருவர் எழுதியது என்றால் அனுமதி வாங்கி, அவர் பெயரையும் கீழே போட்டுவிடுங்கள்.